நாள் தள்ளிப்போன எக்ஸ்ரே

விசாவுக்கான மெடிக்கலுக்கு நாள் குறிப்பதற்கு முன் எனக்குத் தூரம் வந்து போயிருக்க வேண்டும். சென்னையில் அதற்கான ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தபோது எடுத்த பெண் அப்படித்தான் சொன்னாள். சிறுநீர்ப் பரிசோதனை இருக்கிறது, அந்த நாட்களில் வந்தால் சரியாக இருக்காது, முடிந்த பிறகு வாருங்கள் என்றாள். பாஸ்போர்ட், போட்டோ, கண்ணாடி போடுகிறவர் என்றால் கண்ணாடி. ரத்தம், சிறுநீர், நெஞ்சுக்கு ஒரு எக்ஸ்ரே. ஒரு காலைப் பொழுதில் முடிந்துவிடுமாம்.

என் கணவர் கனடாவில், கடலோர ஊர் ஒன்றில், கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் வெல்டராக இருந்தார். கல்யாணமாகி ஆறு வருடம் ஆகியிருந்தது. சேர்ந்து இருந்ததெல்லாம் விட்டு விட்டுத்தான். அந்தக் கிறிஸ்துமஸுக்கு வந்தவர், எனக்கான விசா விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு ஜனவரி கடைசியில் திரும்பிப் போனார். நான் தூத்துக்குடியில் அப்பா அம்மாவோடு இருந்துகொண்டு, துறைமுகச் சாலையில் ஒரு கப்பல் ஏஜென்சி அலுவலகத்துக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். மெடிக்கல் ஒன்றுதான் பாக்கி.

அம்மா அதை ஒரு பரீட்சை மாதிரி எடுத்துக்கொண்டாள். காலையில் பீட்ரூட் சாறு, ராத்திரி முருங்கைக்கீரை சூப்.

"ரத்தம் கம்மியா இருந்தா திருப்பி அனுப்பிருவாவளாம்ளா. கண்ணைக் கீழ இழுத்துக் காட்டு, பாப்போம்."

எக்ஸ்ரே எடுக்கும்போது உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது என்று நான் சொன்னதும் அவள் முகம் வாடிவிட்டது. "தாலியையுமா?" என்று கேட்டாள். எடுக்கிற நேரம் மட்டும்தான், கையில் வைத்துக்கொள்ளலாம் என்றேன். "கையில வச்சாலும் இறுக்கிப் பிடிச்சுக்க" என்றாள்.

அப்பாவின் கவலை வேறு. அப்பா தோணியில் தண்டல். மாலத்தீவுக்கு வெங்காயமும் சிமெண்டும் ஏற்றிப் போகும் தோணிக்கு அவர்தான் தலைவர். அந்த மாதம் தோணியைப் பழுதுக்காகக் கரையேற்றியிருந்ததால் வீட்டில் இருந்தார். எனக்குச் சின்ன வயதில் இளைப்பு உண்டு. பனிக்காலம் வந்தால் நெஞ்சு கீச்சுக் கீச்சென்று சத்தம் போடும். வளர வளர அது போய்விட்டது, நானே மறந்துவிட்டேன். அப்பா மறக்கவில்லை.

"உள்ளுக்குள்ள ஏதாவது தழும்பு இருந்தா அந்தப் படத்துல தெரிஞ்சுருமோ?" என்றார்.

அதனால் விடிந்ததும் என்னைக் கடற்கரைக்கு நடக்கக் கூட்டிப்போனார். பழைய துறைமுகத்தின் பக்கம், தோணிகள் ஒன்றோடொன்று உரசியபடி நிற்கும் இடத்தில் நின்றுகொள்வோம். எங்கள் ஊர்க் கடலில் அலை கிடையாது. அந்த நேரத்தில் தண்ணீர் எண்ணெய் ஊற்றிவைத்த தட்டு மாதிரி அசையாமல் கிடக்கும். தூரத்தில் நிற்கும் கப்பல்களுக்கும் வானத்துக்கும் இடையே கோடு தெரியாது. கப்பல்கள் ஆகாயத்தில் கட்டித் தொங்கவிட்டதுபோல இருக்கும்.

"மூச்சை இழு… பிடி… விடு" என்பார் அப்பா. நான் இழுப்பேன், பிடிப்பேன், விடுவேன். பக்கத்தில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒருவர், "என்ன தண்டல், மகளைச் சங்கு குளிக்க அனுப்பப் போறீரா?" என்று கேட்டுச் சிரித்தார்.

நாட்கள் போயின. வரவேண்டியது வரவில்லை. விசா பதற்றம், பீட்ரூட் சூடு என்று ஏதோ காரணம் சொல்லிக்கொண்டேன். ஆனால் தூக்கம் வந்தது. அப்படி ஒரு தூக்கத்தை நான் கண்டதில்லை. பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்தால் உப்பளங்களின் வெள்ளை கண்ணுக்குள் புகுந்து அப்படியே தூக்கமாக மாறிவிடும். அலுவலகத்தில் சரக்குப் பட்டியலைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகும். துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதும். அந்தச் சத்தத்துக்கும் அது அடங்குவதற்கும் நடுவில் நான் ஒரு முழுக் கனவு கண்டு திரும்பியிருப்பேன். கனவில் கடலுக்கு அடியில் மணலில் நடந்துகொண்டிருப்பேன். மேலே தோணிகளின் அடிப்பாகங்கள் கறுப்பாக நகரும். மூச்சு முட்டாது. யாரோ என்னைக் கூப்பிடுவார்கள், அவசரமாக அல்ல, சாப்பிட வா என்பதுபோல.

ஒரு சாயங்காலம், எங்கள் தெரு மருந்துக்கடைக்காரருக்கு என்னைத் தெரியும் என்பதால், பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் இறங்கி, முகம் தெரியாத கடையில் கிட் வாங்கினேன். மறுநாள் காலை குளியலறையில் இரண்டாவது கோடு மெல்ல எழும்பி வந்தது. முதலில் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகமாக, பிறகு சந்தேகத்துக்கு இடமே இல்லாமல். வெளியே அம்மா தண்ணீர்க் குடத்தை நகர்த்தும் சத்தம் கேட்டது. நான் அவளைக் கூப்பிடவில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன் ஒருமுறை கரு தங்கியது. தெரிந்த அன்றே எல்லோருக்கும் சொல்லிவிட்டோம். அம்மா மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினாள். அது நிலைக்கவில்லை. பிறகு பல மாதம் விசாரிக்க வருகிறவர்களுக்கெல்லாம் அம்மா வாசலிலேயே நின்று பதில் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தாள். அந்தக் குரல் எனக்கு உள்ளறை வரை கேட்கும்.

ஆகவே கணவரிடம் மட்டும் சொன்னேன். அவருக்கு அப்போது விடிந்துகொண்டிருந்தது. போனில் பாத்திரத்தில் ஏதோ கொதிக்கிற சத்தம் வந்தது.

"நெசமாவா?" என்றார்.

"நெசமாத்தான்."

சிரித்தார். பிறகு அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. "அப்போ எக்ஸ்ரே?"

மறுநாள் விசாரித்துவிட்டுக் கூப்பிட்டார். "வயித்துக்கு ஈயத் துணி போட்டு மறைச்சு எடுப்பாவளாம். ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுதாவ."

"எடுக்கலன்னா?"

"எடுக்கலன்னா பிள்ளை பொறந்த பெறகுதான். அதுவரைக்கும் விசா அப்படியே நிக்கும்." கொஞ்சம் நிறுத்தினார். "நீயே முடிவு பண்ணுளா. நான் சொல்லுதேன்னு எடுக்கவும் வேண்டாம், விடவும் வேண்டாம்."

அவர் குரலில் ஆசையும் பயமும் கலந்து கிடந்தன. எது எது என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

இனித் தூரத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அந்த வாரத்திலேயே நாள் வாங்கினேன். கிளம்பும் முந்தின நாள் அம்மா பூச்சி மாத்திரை கொண்டுவந்து நீட்டினாள். வயிறு சுத்தமாக இருக்க வேண்டுமாம். வாயில் போட்டு, தண்ணீர் குடிப்பதுபோலக் குடித்து, கொல்லைப்பக்கம் போய்த் துப்பினேன். திரும்பி வந்தபோது, "கசந்துச்சா?" என்றாள். தலையாட்டினேன்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. அதனால் அப்பாதான் கூட வந்தார். சாயங்கால ரயில். எனக்குப் பிடிக்கும் என்று பொரித்த புரோட்டாவும் சால்னாவும் கட்டி வாங்கி வந்திருந்தார். கோவில்பட்டி தாண்டியதும் பொட்டலத்தைப் பிரித்தார். அந்த எண்ணெய் வாசனை மூக்கில் ஏறியதும் நான் எழுந்து ஓடினேன். வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரும்பி வந்தபோது அவர் பொட்டலத்தைக் கட்டி ஜன்னலோரம் தள்ளி வைத்திருந்தார். அவரும் சாப்பிடவில்லை.

"ரொம்ப மெலிஞ்சு போயிட்டளா" என்றார்.

"ரயில் ஆட்டம்பா."

"தோணி ஆட்டத்துலயே உனக்கு ஒண்ணும் செய்யாதே."

நான் மேல் பெர்த்தில் ஏறிப் படுத்துக்கொண்டேன். ரயில் என்னைத் தொட்டிலில் போட்டு ஆட்டுவதுபோல ஆட்டியது. தூங்கிப்போனேன்.

ஆஸ்பத்திரியில் எல்லாம் அமைதியாக நடந்தது. உயரம், எடை, கண், ரத்தம். டாக்டர் ஒரு அம்மாள், வாயில் மிட்டாய் ஒன்றை ஒதுக்கிக்கொண்டே பேசினார். கடைசியாகத் தூரம் வந்த தேதியைக் கேட்டார். சொன்னேன். நிமிர்ந்து பார்த்தார்.

"டெஸ்ட் பண்ணீங்களா?"

"பண்ணேன். இருக்கு."

அவர் அவசரப்படவில்லை. "நெஞ்சு எக்ஸ்ரேல வர்ற கதிர் ரொம்பக் கம்மிம்மா. வயித்த மறைச்சுதான் எடுப்போம். சம்மதம்னா கையெழுத்துப் போட்டுட்டு இன்னைக்கே எடுத்துக்கலாம். வேணாம்னா டெலிவரிக்கு அப்புறம் வாங்க, ஒரு தப்பும் இல்ல. ரெண்டையும் செய்யறவங்க இருக்காங்க."

எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அந்த எண்ணத்தில்தான் ஊரிலிருந்து கிளம்பியிருந்தேன். நீல நிற அங்கி ஒன்றைக் கொடுத்து, உடை மாற்றும் தடுப்புக்குள் அனுப்பினார்கள். தாலிச் சங்கிலியைக் கழற்றி உள்ளங்கையில் சுருட்டி வைத்துக்கொண்டு அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். குளிர்சாதனம் மெல்ல உறுமிக்கொண்டிருந்தது. திரைக்கு அப்பால் ஒரு பெண்குரல், "மூச்சை நல்லா இழுங்க, பிடிங்க, ம், விடலாம்" என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தது. அடுத்து நான்.

அந்த ஸ்டூலில் எனக்கு ஒரு தெளிவு பிறந்தது என்று சொன்னால் பொய். நான் எதையும் எடைபோடவில்லை. தூக்கம்தான் வந்தது. வெதுவெதுப்பான தண்ணீர் கணுக்காலிலிருந்து ஏறுவதுபோல வந்தது. அதற்குள் உட்கார்ந்திருந்தபோது, எழுந்து போய் அந்தப் பலகையில் நெஞ்சை ஒட்டி நிற்க எனக்கு மனமில்லை என்று மட்டும் தெரிந்தது. பயம்கூட இல்லை. யாரோ என் மடியில் தலைவைத்துத் தூங்கும்போது எழுந்திருக்க மனம் வராதே, அந்த மாதிரி.

சங்கிலியைப் போட்டுக்கொண்டு, புடவையை மாற்றிக்கொண்டு டாக்டரிடம் போனேன்.

"பிறகு எடுத்துக்கிறேன், டாக்டர்."

"பயமா?"

"இல்ல. இப்ப வேண்டாம்னு இருக்கு."

"சரிம்மா" என்று என் தாளில் ஏதோ எழுதினார். "நல்லாச் சாப்பிடுங்க" என்றார்.

வெளியே வராந்தாவில் அப்பா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார்.

"படம் எடுத்தாச்சா?"

"எடுக்கலப்பா."

"ஏன்?"

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நின்றேன். அந்த ஒரு கணத்தில் அவர் முகம் மாறியது. கையால் தன் நெஞ்சையே தொட்டுக்கொண்டார்.

"நெஞ்சுல ஏதோ இருக்குன்னுட்டாவளா? அந்த இளைப்புதானா? நேத்து வாந்தி எடுத்தப்பவே நெனச்சேன். மறைக்காதளா. எதுனாலும் வைத்தியம் பாக்கலாம், தோணியை வித்தாவது—"

"அப்பா, தோணி உங்களுது இல்லையே" என்றேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது. "நெஞ்சுல ஒண்ணும் இல்லப்பா. அதுக்குக் கீழ."

அவர் விளங்காமல் பார்த்தார். பிறகு விளங்கியது.

"முழுகாம இருக்கியா?" என்றார், மிக மெதுவாக, வராந்தாவில் வேறு யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல.

தலையாட்டினேன். அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். என் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். அது பெண்பிள்ளைகள் மாட்டும் சின்னச் சிவப்புப் பை. அன்று முழுக்க அதைக் கழற்றவே இல்லை.

ஆஸ்பத்திரிக்கு எதிரே இளநீர் குடிக்கும்போதுதான் பேசினார்.

"நீ பொறக்கும்போது நான் மாலத்தீவுல கெடந்தேன். காத்து மாறிப்போச்சு, புறப்பட முடியல. ஊர்லேருந்து வந்த இன்னொரு தோணிக்காரன் சொல்லித்தான் தெரியும், பொம்பளப் பிள்ளைன்னு. நான் வந்து பாக்கும்போது நீ குப்புற விழுந்து தலையைத் தூக்கிட்டிருந்த. என்னைப் பாத்து அழுத."

"அம்மா என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. உன்னைத் தூக்கிக் கையில தந்துட்டு அடுக்களைக்குப் போயிட்டா."

மீதி இளநீரை வழுக்கையோடு என்னிடம் நீட்டினார்.

கணவருக்கு நாலைந்து நாள் மனது சரியில்லை. போன் பேச்சு சுருக்கமாக இருந்தது. பிறகு ஒரு நாள், அங்கே பிள்ளைகளுக்கு விற்கும் ரோமத் தொப்பி ஒன்றைக் கடையில் பிடித்துக்கொண்டு வீடியோவில் வந்தார். அதற்குப் பின் சரியாகிவிட்டது. அம்மாவிடம் அப்பாவே சொன்னார். அவள் முதலில் என்னை அடிக்க வந்தாள், "பூச்சி மாத்திரையை முழுங்கினியாளா?" என்று. துப்பிவிட்டேன் என்றதும் உட்கார்ந்து அழுதாள். இந்தத் தடவை அவள் யாருக்கும் சொல்லவில்லை. வயிறு தானாகவே சொன்ன பிறகுதான் தெருவுக்குத் தெரிந்தது.

ஐப்பசி அடைமழையில் மகள் பிறந்தாள். தெருவெல்லாம் தண்ணீர். அப்பாவின் தோணி அப்போது புறப்பட்டுப் போயிருந்தது. அந்த நடை அவர் போகவில்லை, வேறொரு தண்டல் போனார். கணவருக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. போனில்தான் பார்த்தார். அவள் கண்ணைத் திறக்கும்வரை வேலைக்குக் கிளம்பாமல் போனைப் பிடித்துக்கொண்டே நின்றாராம்.

மழை விட்ட பிறகு, மகளையும் தூக்கிக்கொண்டு நானும் அப்பாவும் மறுபடி சென்னைக்குப் போனோம். அவளுக்கும் விசா வேண்டும், அவளையும் டாக்டர் பார்க்க வேண்டும். எக்ஸ்ரேக்கு நான் உள்ளே போனபோது வெளியே அவள் அழத் தொடங்கினாள். பலகையில் நெஞ்சை வைத்து மூச்சைப் பிடித்த நேரத்தில் பால் சுரந்து நீல அங்கி நனைந்துவிட்டது. படம் எடுத்த பெண், "பரவாயில்லக்கா, இங்க தினம் ஒருத்தர்" என்று துணி கொண்டுவந்து கொடுத்தாள்.

ரயிலுக்கு நேரம் இருந்தது. எழும்பூரில் லாட்ஜ் அறை ஒன்றில் ஒதுங்கினோம். பாலைக் குடித்துவிட்டு அவள் அப்பாவின் நெஞ்சில் தூங்கிப்போனாள். அவரும் வாயைத் திறந்தபடி தூங்கினார். மின்விசிறி மெதுவாகச் சுற்றியது. திரைச்சீலை ஊதி எழுந்து மறுபடி சுவரில் ஒட்டியது. கணவர் கூப்பிட்டார். போனைத் திருப்பி அவர்கள் இருவரையும் காட்டினேன். அவரும் பார்த்துக்கொண்டே இருந்தார். எப்போது நானும் தூங்கினேன் என்று தெரியவில்லை. விழித்தபோது ஜன்னலில் வெயில் இறங்கிவிட்டிருந்தது. பைகளை வாரிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடி, கையில் கிடைத்த பெட்டியில் ஏறினோம். மகள் கடைசிவரை விழிக்கவில்லை.

விசா மாசிக்குள் வந்துவிட்டது, எனக்கும் மகளுக்கும்.