நாலு மணிக் கையெழுத்து

முதியோர் இல்லங்களுக்குத் தொண்டூழியராகப் போய்க் குறைகளை எழுதிக் கொடுப்பது யாரும் நாற்காலி போட்டு வரவேற்கிற வேலை அல்ல. கப்பல் பட்டறைத் தொழிற்சங்கத்தில் முப்பது வருஷம் நின்றே பேசிப் பழகியவன் நான், எனக்கு நாற்காலி வேண்டாம். கேள்வி கேட்டால் அங்கே இருக்கும் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ கஷ்டம் வருமோ என்று வாயை மூடிக்கொண்டு வீடு திரும்புகிற உங்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

ஒரு நாள் பணக்காரர்

சிங்கப்பூரில் கேலாங் பக்கம் ஓர் இல்லம். அங்கே இருக்கும் ஆரோக்கியசாமி அண்ணன் என்னோடு பட்டறையில் வெல்டராக இருந்தவர். வாதம் வந்து இடப்பக்கம் அசையாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை யாராவது திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். இல்லாவிட்டால் உடம்பு புண்ணாகிவிடும்.

அதிகாரிகள் பார்வையிட வந்த அன்று வாசலில் ஆர்க்கிட் தொட்டிகள், கட்டிலில் புது விரிப்பு, அழைப்பு மணி வலக்கைக்குப் பக்கத்தில். மறுநாள் போனேன். தொட்டிகளைக் காணோம். மணியின் கயிறு தலைக்குப் பின்னால் கம்பியில் சுற்றிக் கிடந்தது. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

“நேத்து நான் பணக்காரன்லா. இன்னிக்கு பழையபடி.”

முன்கூட்டியே

கட்டிலின் காலடியில் ஓர் அட்டை தொங்கும். திருப்பிப் படுக்கவைத்தவர் அந்த நேரத்துக்கு நேரே கையெழுத்துப் போட வேண்டும். ஒரு செவ்வாய்க்கிழமை நான் போனபோது மணி இரண்டேகால். அட்டையில் நாலு மணிக்கும் ஆறு மணிக்கும் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. அண்ணனின் இடுப்பிலோ ஒரு வெள்ளிக் காசு அளவுக்குச் சிவந்து போயிருந்தது.

பணிப்பெண் செல்வியைக் கூப்பிட்டு, கூட்டத்தில் முதலாளியைக் கேட்கிற குரலிலேயே கேட்டுவிட்டேன். புதுக்கோட்டையிலிருந்து வேலைக்கு வந்த பெண். அழவில்லை. கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்.

“முப்பது பேருக்கு நாங்க ரெண்டு பேரு ஐயா. ஒவ்வொரு தடவையும் கையெழுத்துப் போட நின்னா, யாரைத் திருப்புறது?”

தம்பி

தொழிற்சங்கக்காரனுக்கு ஒரு தொழிலாளி பாடம் எடுக்க வேண்டியதாயிற்று. அன்றே கடிதம் எழுதினேன். அதில் செல்வியின் பெயர் இல்லை. எத்தனை கட்டில், எத்தனை கை என்பது மட்டும் இருந்தது. ஒன்று மேலாளருக்கு, ஒன்று சுகாதார அமைச்சுக்கு.

மேலாளர் அம்மா கட்டிலருகே வந்து மரியாதையாகவே பேசினார். தொண்டூழியர்கள் பாட்டுப் பாடலாம், பழம் கொடுக்கலாம், அட்டையைப் படிப்பது அவர்கள் வேலையல்ல என்றார். அடுத்த வாரத்திலிருந்து என் பெயர் பட்டியலில் இல்லை என்றும் சொன்னார். நான் வாயைத் திறக்குமுன் அண்ணன் வலக்கையைத் தூக்கினார்.

“சரி மேடம், இவரு தொண்டூழியர் இல்ல. என் தம்பி. சொந்தக்காரங்க எத்தனை மணிக்கு வரலாம்னு நீங்கதானே செவுத்துல ஒட்டி வச்சிருக்கீங்க.”

பக்கத்துக் கட்டில்காரர்களின் பிள்ளைகளும் இப்போது நாலு மணிக்கு வந்து அட்டையருகே நிற்கிறார்கள், மதிய வேலைக்குச் செல்வியோடு மூன்றாவதாக ஓர் ஆளும் வந்தாயிற்று. ஒரு மனிதரை நாலு மணிக்கு, நாலு மணிக்கே திருப்பிப் படுக்கவைக்க எனக்கு ஒரு முழுப் போராட்டம் தேவைப்பட்டது.