என் பெயருக்குப் பின்னால் இருந்த பெயர்

என் கணவர் செந்தில்குமார் போர்வெல் ரிக் வண்டியோடு ஆப்பிரிக்காவில் இருக்கிறார். அவர் போன் கிடைக்காமல் நான் தவித்துக்கொண்டிருந்தபோது ஒரு மின்னஞ்சல் வந்தது. ‘உங்கள் குடும்பப் பெயர் கொண்ட செந்தில்குமார் வெளிநாட்டு விபத்தில் இறந்துவிட்டார். ஆதாரும் வங்கி விவரமும் அனுப்பினால் அவர் சொத்து வாரிசான உங்களுக்கு வரும்’ என்றிருந்தது.

சொத்து என்ற வார்த்தை என் மனதில் ஏறவே இல்லை. இறந்தது அவர்தான் என்றே நம்பிவிட்டேன். விவரம் கொடுத்தால் உடலையாவது அனுப்புவார்களே என்று ஆதாரைப் படம் பிடித்தேன். அனுப்பப் போகும் நேரத்தில் போன் அடித்தது. அவர்தான்!

“ஏனுங்க, நல்லாருக்கீங்களா?” என்று கதறினேன்.

“ஏஞ்சாமி அழுவற? ரிக்கு காட்டுக்குள்ள நின்னுச்சு, டவர் இல்ல.”

மின்னஞ்சலைப் படித்துக் காட்டினேன்.

“உம்பேருக்குப் பின்னால எம்பேரப் போட்டிருக்கறயில்ல, அதப் பாத்து எவனோ அடிச்சு உட்டிருக்கான். நமக்கேது சாமி குடும்பப் பேரு?” என்றார்.

உண்மைதான். எங்கள் பக்கம் பெண்கள் கணவர் பெயரைத்தான் பின்னால் சேர்த்துக்கொள்கிறோம். அது பரம்பரைப் பெயர் என்று நினைத்து, முகம் தெரியாத ஒருவன் என் கணவரையே சாகடித்துவிட்டான்.

இப்போது அவருடன் வேலை செய்பவர்களின் எண்களையும் வாங்கி வைத்திருக்கிறேன். அப்படிப்பட்ட மின்னஞ்சல்களைத் திறக்காமலே அழிக்கிறேன். ஆனால் அழித்த கையோடு அவருக்குப் போன் போட்டு, அவர் குரலைக் கேட்ட பிறகுதான் மூச்சு விடுகிறேன்.