ஹூவும் விச்சும் கெடுத்த தேர்

நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். இங்கிலீஷில் எனக்குத் தெரிந்ததெல்லாம் என் தாய்மாமன் தலையில் குட்டிக் குட்டிப் புகட்டியதுதான். ஆள் என்றால் ஹூ, ஆடு மாடு கதிரை என்றால் விச். இரண்டு வசனங்களை ஒன்றாகக் கொளுவ வேண்டுமானால் இவற்றில் சரியானதைப் பொறுக்கி நடுவில் வைக்கவேண்டும். அந்தக் குட்டுகளை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

மாமா கொழும்பில் ஒரு கந்தோரில் கிளாக்கர். அந்த ஆண்டு பங்குனியில் லீவில் வந்தவர், ஆனி பிறந்தும் புளியங்கூடலில் எங்கள் வீட்டிலேயே இருந்தார். படலையைத் தாண்டமாட்டார். பகல் முழுக்கச் சாய்மனைக் கதிரையில் கிடந்தபடி என்னைக் கூப்பிடுவார். பள்ளிக்கூடத்து வாத்தியாராவது மணி அடித்தால் விடுவார். மாமாவுக்கு மணியே இல்லை.

நயினாதீவு அம்மன் தேர் வந்தது. அயல் முழுக்கச் சேர்ந்து ஒரே வள்ளத்தில் போக ஏற்பாடு. முந்தின ஆண்டு எனக்கு அம்மை போட்டிருந்ததால் போகவில்லை. இந்தமுறை விடியமுன்பே புதுச்சட்டை போட்டுக்கொண்டு நின்றேன். அயல்வீட்டு மாமி படலையில் வந்து அம்மாவைக் கூப்பிட்டார்.

"வெளிக்கிட்டாச்சோ? உங்கடை தம்பியும் வாறார்தானே? கொழும்புப் புதினம் கேக்க வள்ளத்திலை எல்லாரும் காத்துக்கொண்டிருக்கினம்."

மாமா என் பக்கம் திரும்பினார். "இஞ்சை வா. நாங்கள் ஏறப்போற வள்ளம் எண்டு சொல்ல, ஹூவோ விச்சோ?"

"விச்."

"பிழை. தட் எண்டு வரவேணும்."

தட் என்ற ஒன்றை அவர் அதுவரை எனக்குச் சொல்லித்தந்ததே இல்லை.

"அக்கா, நீங்கள் போங்கோ. இவன் நிண்டு படிக்கட்டும். நான் துணைக்கு நிக்கிறன்."

"தேர் நாளிலையுமோ தம்பி? பொடியன் பாவம்," என்றார் அம்மா.

"பாவம் பாத்தால் படிப்பு ஏறாது."

அப்பா, "வள்ளம் நிக்காது, நடவுங்கோ," என்றார். என் அக்கா திரும்பிப் பார்த்து நாக்கை நீட்டிவிட்டுப் போனாள்.

பிற்காலத்தில் ஒரு இங்கிலீஷ் வாத்தியாரைக் கேட்டேன். விச்சும் சரி, தட்டும் சரி என்றார். சரியான விடை சொன்னதற்காக வீட்டில் மறித்துவைக்கப்பட்டவன் நான்.

அவர்கள் போனபிறகு மாமா ஒரு எழுத்துக்கூடப் படிப்பிக்கவில்லை. முகம் வழித்தார், வெள்ளை வேட்டி கட்டினார், ஒழுங்கையில் இறங்கினார். நான் விக்கி விக்கி அழுதுகொண்டு பின்னால் போனேன். வெறிச்சோடிக் கிடந்த ஊரில் ஒவ்வொரு வளவையும் எட்டிப் பார்த்தபடி கடற்கரைவரை நடந்தார். வழியில் பாட்டுக்கூட முணுமுணுத்தார்.

நான் வளர்ந்த பிறகுதான் அம்மா சொன்னார். கந்தோரில் சிங்களச் சோதனை எழுதச் சொன்னார்களாம். மாமா மாட்டேன் என்றாராம். வேலையை விட்டு அனுப்பிவிட்டார்களாம். லீவு என்பது ஊருக்குச் சொன்ன கதை. அது பெரிய அநியாயம், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு என் தேரையா மறிக்கவேண்டும்? எனக்கு ஏலாது என்று சொல்லிவிட்டுத் தான் மட்டும் நின்றிருக்கலாமே.

அன்று இதொன்றும் எனக்குத் தெரியாது. கேள்வி கேட்க ஒருவரும் இல்லாத ஒழுங்கையில் கைவீசி நடந்த மாமாவைப் பார்த்து, நான் அழுவதுதான் இந்த மனுசனுக்குச் சந்தோசம் என்று நினைத்தேன்.