புளிக்கார வூட்டுப் பல்லு

தீர்த்தம்மாள் அருவருப்புக்குப் பேர்போனவள். அடுத்தவர் குடித்த டம்ளரை மூன்று முறை கழுவாமல் தொடமாட்டாள். தீர்த்தமலைப் பக்கத்தில் பிறந்த அந்த மகராசியை நல்லம்பள்ளியில் கிருஷ்ணப்பனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த மாப்பிள்ளை அப்போதுதான் முதல்முறையாக வாயைத் திறந்து சிரித்தான். பல்லெல்லாம் பாதி கரைந்து, மஞ்சளேறி, ஓரம் நகம்போல மெலிந்து கிடந்தது. அவள் பாயசத்தைத் தொடாமல் இலையை மூடிவிட்டாள்.

மாமனார், கொழுந்தன், நாத்தனார் எல்லோருக்கும் அதே வாய்தான். ஊரில் அதற்குப் பெயரே வைத்திருந்தார்கள்: 'புளிக்கார வூட்டுப் பல்லு'. மாசி பிறந்தால் வியாபாரி மூட்டை மூட்டையாகப் புளியை இறக்கிவிட்டுப் போவார். வீடே உட்கார்ந்து ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை எடுக்கும். கை வேலையில் இருக்க, கன்னத்தில் ஒரு துண்டு புளி ஊறிக்கொண்டே இருக்கும். சப்பிச் சப்பி, பழுப்பு எச்சிலைச் சுவரோரம் துப்புவார்கள். வந்த மருமகள் மட்டும் வாயை இறுக மூடிக்கொண்டு உடைத்தாள். அந்தக் கண்றாவியை அவள் வாயில் வைப்பாளா?

ஆனால் புளிமேல் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. பக்கத்து வீட்டுச் சென்னம்மாளும் இதே புளியை இதேபோல் சப்பினாள். அவள் பல்லோ கரும்பை நறுக்கென்று கடித்தது. ஆகவே இது ரத்தம், இந்த வீட்டு அழுக்கு ரத்தம் என்று தீர்த்தம்மாள் தீர்ப்பு எழுதிவிட்டாள். இருபத்திரண்டு வருசம் அதைச் சொல்லியே புருசனைக் குத்தினாள். அவள் எதிரில் சிரிப்பதையே அவன் விட்டுவிட்டான்.

மகள் பூவிழிக்குப் பால்பல் விழுந்து புதுப்பல் முளைத்ததும் இவளுக்கு வெறி பிடித்தது. என் பிள்ளைக்கு அந்த வாய் வரவிடமாட்டேன் என்று கங்கணம் கட்டிக்கொண்டாள். பிள்ளையோ புளி மூட்டைகளுக்கு நடுவே வளர்ந்தது, சும்மா இருக்குமா? புளியைச் சப்பிவிட்டுப் பல் கூசுகிறது என்று வந்து நின்றால் போதும், தாடையை ஒரு கையால் பிடித்து, உப்பும் அடுப்புக்கரியும் தொட்டு, தன் விரலாலேயே பரபரவென்று தேய்த்துவிடுவாள். கூசினால் அந்த வீட்டு அழுக்கு ஏறுகிறது என்றுதான் அவளுக்கு அர்த்தம். நாளைக்கு மூன்று தடவை, சில நாள் நான்கு.

போன வாரம், இருபது வயதுப் பூவிழி முறுக்கைக் கடித்தபோது முன்பல் பாதி உடைந்து கையில் வந்தது. நர்சிங் படிக்கிற பெண். அன்றிலிருந்து துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டுதான் பேசினாள். கல்லூரிக்கே போகமாட்டேன் என்றாள். மிச்சமிருக்கும் பல்லையாவது காப்பாற்ற வேண்டுமே என்று தாயும் தகப்பனும் அவளைத் தருமபுரியில் மணிமேகலை என்ற பல் டாக்டரிடம் கூட்டிப்போனார்கள்.

உட்கார்ந்ததும் தீர்த்தம்மாள், "இவங்க வூட்டு ரத்தங்க டாக்டர்" என்று புருசனைக் கைகாட்டினாள். சென்னம்மாள் கதையையும் சொன்னாள். டாக்டர் மறுக்கவில்லை. பல்லின் மேல்பூச்சான எனாமல் சிலருக்குப் பிறவியிலேயே மெலிசு, அது அப்பா வழியில் வந்திருக்கலாம், சென்னம்மாளுக்கு அது கெட்டி என்றார். ஆனால் மெலிசான எனாமலைக் கரைப்பது புளிதான் என்றார். ஊர் வைத்த பெயரில் புளியும் இருந்தது, வூடும் இருந்தது. இவள் காதில் வூடு மட்டும்தான் விழுந்திருந்தது. பிள்ளை புளி தின்றதும் என்ன செய்வீர்கள் என்று டாக்டர் கேட்டார்.

"அடுத்த நிமிசமே உப்பும் கரியும் போட்டுத் தேய்ச்சு வுட்ருவேங்க. ஒரு நா தப்ப வுட்டதில்லீங்க" என்றாள் பெருமையாக.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "புளி பட்டதும் எனாமல் இளகிப்போயிருக்கும்மா. வெறும் தண்ணியில கொப்புளிச்சுட்டு விட்டிருந்தா, எச்சிலே கொஞ்சம் சரி பண்ணியிருக்கும். நீங்க இளகினதை வழிச்சு எடுத்திருக்கீங்க."

எச்சிலாம்! போன எனாமல் முளைக்காது, பூச்சுப் பூசி மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்று டாக்டர் சொன்னது அவளுக்குப் பாதிதான் காதில் விழுந்தது. கிருஷ்ணப்பன் பக்கத்தில்தான் இருந்தான். இத்தனை வருசக் குத்தலுக்கு ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதுதான் அவளை இன்னும் எரித்தது.

திரும்பும் பஸ்ஸில் பூவிழி தாயின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். டாக்டர் போட்ட ஊசியில் மரத்துப்போன உதட்டோரம் எச்சில் வழிந்தது. துடைக்கக் கையைத் தூக்கிய தீர்த்தம்மாள் தன் விரலைப் பார்த்தாள். நகக்கண்ணில் புளிக்கறை. அந்த விரலை மகள் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோக அவளுக்கே அருவருப்பாக இருந்தது. கையை மடக்கி மடியில் ஒளித்துக்கொண்டு, முன்சீட்டில் இருந்த புருசனைக் கூப்பிட்டாள்.

"நீங்க தொடைச்சு வுடுங்க."