கறையான் அரித்த காலண்டர்

விருதுநகரில் நான் பொறுப்பாளராக இருந்த பெண்கள் காப்பகத்தின் வாசலில் பெயர்ப் பலகை கிடையாது. வீட்டில் அடிபட்டு, உயிருக்குப் பயந்து வரும் பெண்களும் அவர்களுடைய பிள்ளைகளும் தங்கும் இடம் என்பதால், பலகையைக் கழற்றி மாடிப்படிக்குக் கீழே போட்டிருந்தோம். யாராவது கேட்டால் பெண்கள் விடுதி என்போம். அதனால் தெரு முழுவதற்கும் நான் டீச்சர். எதிரே மிளகாய் வற்றல் மண்டி வைத்திருந்த பாயும் அப்படித்தான் கூப்பிடுவார்.

இரண்டாயிரங்களின் நடுவில் ஒரு மார்கழி. அப்போது சாத்தூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி, பள்ளிக்கூடம் போகும் மகளோடு எங்களிடம் இருந்தாள். புருஷன் லோடு வேன் ஓட்டுபவன். சிவகாசிச் சரக்கை விருதுநகர்க் கடைகளில் இறக்குவது அவன் வேலை. சொந்தக்காரர்கள் வீடுகளில் அவள் ஒளிந்திருந்தபோதெல்லாம் தேடிக் கண்டுபிடித்திருந்தான். எங்களிடம் வந்த பிறகுதான் அவள் தையல் கற்றுக்கொள்ள ஆரம்பித்தாள். மகள் தூக்கத்தில் அலறுவதும் நின்றிருந்தது. அவனுக்கு இந்த இடமும் தெரிந்துவிட்டால் வெளி மாவட்டத்து இல்லத்துக்குத்தான் இருவரையும் அனுப்ப வேண்டும். "இன்னொரு ஊருக்கு எனக்குத் தெம்பில்லக்கா" என்று ஒருமுறை சொல்லியிருந்தாள்.

சிவகாசியில் அச்சகம் வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர் பிள்ளைகளுக்கு நோட்டும் பென்சிலும் கொண்டுவந்து கொடுப்பார். அந்த மார்கழியில் வேன் நிறையக் காலண்டர்க் கட்டுகளோடு வந்து இறங்கினார். எங்களுக்கு நன்கொடை வரட்டும் என்று, சொல்லாமலே செய்திருந்தார். பிரித்துப் பார்த்தேன். மேலே லட்சுமி. கீழே, கடைக்காரர்கள் தங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளும் பட்டையில் எங்கள் இல்லத்தின் பெயர், தெரு, கதவு எண், தொலைபேசி எண், எல்லாம் கொட்டை எழுத்தில், சிவப்பு மையில்.

"எடுப்பா இருக்குல்ல தங்கச்சி?" என்றார்.

என்னால் கோபப்பட முடியவில்லை. சிவகாசியில் ஒருவர் மேல் பிரியம் வந்தால் அச்சடித்துத்தான் காட்டுவார்கள். விஷயத்தை மெதுவாகச் சொன்னேன். கேட்டவர் வராந்தா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வரும் வழியிலேயே பஜார்க் கடைகளுக்கு ஆளுக்கொன்று கொடுத்துவிட்டாராம். லோடு வேன்கள் நிற்கும் டீக்கடையிலும் ஒன்று மாட்டியாகிவிட்டது.

கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்த அந்தப் பெண் மாடிக்குப் போனாள். நான் போய்ப் பார்த்தபோது மகளின் பள்ளிச் சீருடைகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். கீழே வந்து வெளி மாவட்ட இல்லத்துக்குப் போன் செய்தேன். அரையாண்டு விடுமுறை முடிவதற்குள் வந்தால் இடம் உண்டு என்றார்கள்.

வீட்டிலிருந்த கட்டுகளைத் தையல் வகுப்புப் பெண்களிடம் கொடுத்துப் பட்டையை வெட்டச் சொல்லிவிட்டு, அண்ணாச்சியும் நானும் பஜாருக்குப் போனோம். ஒரு கடைக்காரரும் காலண்டரைத் திருப்பித் தரவில்லை. மாட்டிய லட்சுமியைக் கழற்றுவதா, அதுவும் வருஷம் பிறக்கப் போகும் நேரத்தில், என்று அண்ணாச்சியைத்தான் திட்டினார்கள். அவருக்கும் அது நியாயமாகவே பட்டது. பையிலிருந்து இரும்பு ஸ்கேலையும் பிளேடையும் எடுத்தார். ஒவ்வொரு கடையிலும் ஸ்டூல் கேட்டு வாங்கி, ஏறி நின்று, தொங்கும் காலண்டரின் அடிப்பட்டையை மட்டும் வெட்டி எடுத்தார். சீக்கிரம் கிழித்துவிட்டு வாருங்கள் என்று நான் அவசரப்படுத்தினேன்.

"கோணலா இருந்தா கம்பெனிக்கு அசிங்கம் தங்கச்சி" என்றார்.

டீக்கடையையும் முடித்துவிட்டுக் கடைசியாகப் பாயின் மண்டிக்கு வந்தோம். அவருக்கென்று அருவிப் படம் போட்ட காலண்டராகப் பார்த்துக் கொடுத்திருந்தார் அண்ணாச்சி. அதில் விலாசம் இருந்த இடத்தில் மண்டியின் பெயர்ச் சீட்டு ஒட்டியிருந்தது.

பாய் தராசிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "போர்டையே கழட்டி வச்சிருக்கீக. அந்த வீட்டுக்கு விலாசம் எதுக்குன்னு ஒட்டிட்டேன் டீச்சர்."

விடுதி என்ற எங்கள் கதையை அவர் ஒருநாளும் நம்பியதில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகும் என்னை டீச்சர் என்றே கூப்பிட்டார்.

சில நாள் கழித்து, தையல் வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது அண்ணாச்சி வந்தார். அந்த டீக்கடை மாஸ்டர் சொன்னதை எங்களிடம் சொல்ல வேண்டும் என்று நேராகக் கடையிலிருந்து வந்திருந்தார். லோடு வேன் டிரைவர் ஒருவன் டீ குடித்தபடி காலண்டரைப் பார்த்து, யார் கொடுத்தது, கீழே ஏன் வெட்டியிருக்கிறது என்று கேட்டானாம்.

"கறையான் அரிச்சிருச்சு" என்றாராம் மாஸ்டர்.

"புதுக் காலண்டரையா? இம்புட்டு நேராவா?"

"எங்க கடைக் கறையான் ஸ்கேல் வச்சுத்தான் அரிக்கும். டீ ஆறுது, குடிலே."

அவன் குடித்துவிட்டுப் போய்விட்டான். பச்சை வேன், முன் கண்ணாடியில் இருக்கன்குடி அம்மன் படம், அதற்கு மேலே ஒரு மயிலிறகு என்று அண்ணாச்சி சொல்லிக்கொண்டே போக, ஓடிக்கொண்டிருந்த தையல் மிஷின் ஒன்று நின்றது.

"அவுகதான்க்கா" என்றாள் அந்தப் பெண்.

அவள் குனிந்து துணியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு நிமிர்ந்து, "நெசமாவே ஸ்கேல் வச்சா வெட்டுனீக?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று அவர் பையைத் திறந்து ஸ்கேலை எடுத்துக் காட்டியதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைத் துணியால் பொத்திக்கொண்டும் நிற்கவில்லை. வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவர் கறையான் அண்ணாச்சி. அவருக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான்.

வெளி மாவட்ட இல்லத்துக்கு என்ன பதில் சொல்வது என்று அவளிடம் கேட்க, சாயங்காலம் மாடிக்குப் போனேன். அறையில் பெட்டி காலியாகத் திறந்து கிடந்தது. மொட்டை மாடிக் கொடியில் மகளின் சீருடைகள், மடிப்புப் போக அலசி உதறிக் காயப்போட்டிருந்தன. கேட்காமலே இறங்கி வந்து, இடம் வேண்டியதில்லை என்று போன் செய்தேன்.