இசக்கிச்செல்வி பேசினாளா

தீப்பெட்டி ஆபீஸில் இசக்கிச்செல்வியைப் பேச்சில் ஜெயித்தவர் கிடையாது. கோவில்பட்டிப் பக்கம் தொழிற்சாலை என்றெல்லாம் யாரும் சொல்வதில்லை, தீப்பெட்டி ஆபீஸ்தான். அங்கே தீப்பெட்டிகளைப் பண்டல் போடும் பெண்களில் அவள் ஒருத்தி. மிஷின் சத்தத்துக்கு மேலே அவள் சத்தம் கேட்கும். கக்கூஸ் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று முதலாளி பெருமாள்சாமியையே வழிமறித்து, "உங்க வீட்டுல இப்படி இருந்தா பொறுப்பியளா மொதலாளி?" என்று கேட்டவள். அவர் சிரித்துக்கொண்டே அன்றைக்கே ஆள் அனுப்பினார். அதனால் மாதக் கூட்டத்துக்குப் பண்டல் போடும் பெண்கள் சார்பில் ஒரு ஆள் வேண்டும் என்றபோது எல்லோரும் யோசிக்காமல் அவளைக் கைகாட்டினார்கள்.

அந்த மாதம் பேச வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஆர்டர் கூடிவிட்டது, வேலையை ஒரு மணி நேரம் முன்னால் தொடங்கலாமா என்று முதலாளி கேட்டார். தொடங்கினால் எட்டயபுரம் ரோட்டில் இருக்கும் இசக்கிச்செல்வியின் ஊருக்கு ஏழரைக்கு வரும் ஆபீஸ் வண்டி ஆறரைக்கே வந்து நிற்கும். மகள் விஜி இரண்டாம் வகுப்பு. அவளுடைய பள்ளிக்கூட வேன் ஏழேகாலுக்கு. புருஷன் இசக்கிமுருகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். பிள்ளைக்குத் தலை பின்னி, ரெண்டு வாய் ஊட்டி, வேனில் ஏற்றிவிட வேறு நாதி இல்லை. ஆறரைக்கு வண்டி என்றால் வேலையை விட வேண்டியதுதான். அந்த வண்டியில் வரும் பெண்களில் பாதிப் பேருக்கு இதே கதி.

கூட்டம் முதலாளியின் அறையில் நடந்தது. மேஜையைச் சுற்றி முதலாளி, மிஷின் பார்க்கும் ஆண்ட்ரூஸ், வண்டி டிரைவர், கணக்குப்பிள்ளை. சுவரோரம் போட்டிருந்த பெஞ்சில் இசக்கிச்செல்வியும், கணக்கில் உதவிக்கு இருக்கும் சத்தியபாமாவும். பெஞ்சில் உட்காரும்படி யாரும் சொல்லவில்லை. மேஜையருகே ஒரு நாற்காலி காலியாகத்தான் கிடந்தது. இரண்டு பெண்களும் அவர்களாகவே போய்ப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்கள்.

டிரைவர் டீசலைப் பற்றிப் பேசினார். கணக்குப்பிள்ளை, சம்பந்தா சம்பந்தமில்லாமல், போன ஐப்பசி மழையில் குச்சி நமத்துப்போன கதையை எடுத்து விட்டார். அதையும் எல்லோரும் தலையாட்டிக் கேட்டார்கள். இதற்குள் இசக்கிச்செல்விக்கு ஒரு வழி தோன்றிவிட்டது. ஒருத்தர் நிறுத்தினால் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தாள். பிறந்ததிலிருந்து அடுத்தவர் முடிக்கட்டும் என்று அவள் காத்திருந்தது அன்றைக்குத்தான். அவர்களோ ஒருத்தர் வாலை ஒருத்தர் பிடித்துக்கொண்டு போனார்கள். சத்தியபாமாவை டீ வாங்கிவர அனுப்பினார்கள். அந்தச் சின்ன இடைவெளியில் இவள் வாயைத் திறந்தாள்.

"மொதலாளி, எனக்கு ஒண்ணு தோணுது, தப்புன்னா விட்டுருங்க. காலையில வேண்டாம், சாயங்காலம் ஒரு மணி நேரம் கூட இருக்கோம். காலையிலதான் பிள்ளைகளுக்கு ஆள் வேணும். சாயங்காலம்னா தெருவுல வெளையாடிக்கிட்டுக் கெடக்கும்."

அவள் பாதியில் இருக்கும்போதே டிரைவர் மறுபடி டீசலுக்குப் போய்விட்டார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

டீ வந்தது. ஆண்ட்ரூஸ் இரண்டு மடக்குக் குடித்துவிட்டு கிளாஸை வைத்தார். "காலையில கை வைக்காண்டாம் மொதலாளி. சாயங்காலம் ஒரு மணி நேரம் நீட்டிக்குவோம். பிள்ளைகுட்டி உள்ளவிய நெறைய பேரு."

"இது நல்ல ரோசனையா இருக்கே," என்றார் பெருமாள்சாமி. பிறகு பெஞ்சுப் பக்கம் திரும்பி, "பொம்பளைய என்ன சொல்லுதீங்க? சம்மதந்தான?" என்று கேட்டார்.

"சம்மதம் மொதலாளி," என்றாள் இசக்கிச்செல்வி.

வேலை பிழைத்தது. அதற்குச் சந்தோஷப்பட வேண்டும், பட்டாள். ஆனால் சாயங்காலம் வண்டி கிளம்புவதற்குள் சத்தியபாமா எல்லாப் பெண்களிடமும் நடந்ததைச் சொல்லியிருந்தாள். டீயோடு வந்த பிறகு அவள் காதில் விழுந்ததைத்தானே அவள் சொல்ல முடியும்?

"ஏட்டி செல்வி, வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?" என்று ஆரம்பித்தாள் பொன்மணி. அடுத்த தெருக்காரி, முறைக்கு மதினி. "இங்கன இந்தப் பேச்சு பேசுத. அங்கன போயி சம்மதம்னு ஒத்த வார்த்தையா?"

"நாந்தான் மதினி மொதல்ல சொன்னேன். பெறவுதான் ஆண்ட்ரூஸ் அண்ணாச்சி சொன்னாவ."

"சொல்லியிருந்தா மொதலாளி காதுல விழாதாக்கும். அடுத்த மாசம் நீ போவாண்டாம். அண்ணாச்சி இருக்காவல்லா, நமக்கும் சேத்து அவிய பேசிக்கிடுவாவ."

வண்டியே சிரித்தது. அதில்தான் அவளுக்குக் குழப்பம் பிடித்தது. ஒருவேளை சொல்லவே இல்லையோ? மனசுக்குள் சொல்லிப் பார்த்ததைத்தான் சொன்னதாக நினைத்துக்கொண்டிருக்கிறோமோ? பயமா என்றால், பெருமாள்சாமியிடம் அவளுக்கு என்ன பயம். வெட்கமா, அது அவளுக்குத் தூரத்து உறவுகூட இல்லை. மிஷினைத் தாண்டிக் கேட்கிற குரல், ஃபேன் மட்டும் ஓடுகிற அறையில் எங்கே போனது? எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் அவளுக்கு விளங்கவில்லை.

வீட்டில் அடுப்பைப் பற்றவைத்தபடி அதே வாக்கியத்தை அதே குரலில் சொல்லிப் பார்த்தாள். "எனக்கு ஒண்ணு தோணுது, தப்புன்னா விட்டுருங்க..."

டிவி பார்த்துக்கொண்டிருந்த விஜி திரும்பினாள். "யார்ட்டம்மா மன்னிப்புக் கேட்டுக்கிட்டிருக்க?"

அந்த ராத்திரி இசக்கிச்செல்விக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. தப்புன்னா விட்டுருங்க என்று தன் வாழ்நாளில் யாரிடமும் அவள் சொன்னதில்லை. அந்த வார்த்தை எங்கிருந்து வந்து நாக்கில் ஏறியது என்று அவளுக்குத் தெரியவில்லை. கோபம் வந்தது, ஆனால் யார் மேல் என்று புரியவில்லை.

மறுநாள் நேராக ஆண்ட்ரூஸிடம் போனாள். அவர் மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அடுத்தவன் சொத்தை எடுக்கிற மனிதர் இல்லை அவர். கீழே கிடந்த ஐந்து ரூபாயைக்கூட யாருடையது என்று ஆபீஸ் முழுக்கக் கேட்டு அலைந்தவர்.

"அண்ணாச்சி, நேத்துச் சாயங்கால விசயத்தை உங்களுக்கு முன்னால நான் சொன்னேனா, சொல்லலையா?"

ஆண்ட்ரூஸ் எண்ணெய்க் கேனைக் கீழே வைத்தார்.

"பொய் சொல்லக் கூடாதும்மா. டீ குடிக்கையில சட்டுன்னு வந்துது. எங்கயோ கேட்ட மாதிரியும் இருந்துது. யாரு சொன்னான்னு தெரியல. சரி, நம்ம மனசுதான் சொல்லுதுன்னு நெனச்சிட்டேன்." முகம் சுருங்கிவிட்டது அவருக்கு. "நீதான் சொல்லியிருக்க. காலைல பிள்ளைகளைக் கெளப்புத பாடு எனக்கு எங்க தெரியும்மா? வா, அவியகிட்ட சொல்லிருதேன்."

பண்டல் போடும் இடத்துக்கு வந்து அவரே சொன்னார். பெண்கள் கையை நிறுத்திவிட்டு மரியாதையாகக் கேட்டார்கள். ஒருத்தியும் குறுக்கே பேசவில்லை, சந்தேகப்படவில்லை. அடுத்த மாதமும் செல்வியே போகட்டும் என்று அங்கேயே முடிவாயிற்று. இசக்கிச்செல்விக்கு அழுகை முட்டியது. நிம்மதியில் வருகிறதா, ஆத்திரத்தில் வருகிறதா என்று அவளாலேயே பிரித்துப் பார்க்க முடியவில்லை.

ஆண்ட்ரூஸ் போன பிறகு பொன்மணி பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவள் தோளைத் தொட்டாள்.

"ஏட்டி, இதை நீயே எங்கட்ட சொல்லியிருக்கலாம்லா?"

"நேத்து வண்டியில உங்ககிட்டதான் மதினி சொன்னேன்."

"எங்கிட்டயா?" என்றாள் பொன்மணி. உண்மையிலேயே அவளுக்கு ஞாபகம் இல்லை.