கை தாங்கும் எடை

இருதயராஜுக்கு முதலில் சந்தேகம் வந்தது கேமராவின் மேல்தான்.

நாகலாபுரம் மலையில் இரண்டாவது சுனையைத் தாண்டினால் ஒரு பாறைச் சரிவு வரும். அங்கே கல்லிடுக்கிலிருந்து தலையை நீட்டிக்கொண்டிருந்த ஓணானைக் குறிவைத்துக் கேமராவைத் தூக்கினார். கண்ணருகே வருவதற்குள் கை தாழ்ந்துவிட்டது. மறுபடி தூக்கினார், மறுபடி தாழ்ந்தது. ஓணான் எந்த அவசரமும் காட்டாமல் நன்றாக வெயில் காய்ந்துவிட்டுத்தான் உள்ளே போனது.

"இன்னா அண்ணாத்தே, எவ்ளோ நேரம் போஸ் குட்துகினு இருந்துச்சு. உட்டுட்டியே" என்றான் கஜபதி.

"வெயிட்டு கஜா. லென்ஸோட சேர்த்து ரெண்டரை கிலோ. எனக்கும் வயசாகுதுல்ல."

"நாப்பத்தொம்போது ஒரு வயசா? அந்த சனியனை மாத்து முதல்ல. லேசா ஒண்ணு வாங்கு."

அந்தப் பேச்சு அவருக்குப் பிடித்திருந்தது. திரும்பி வரும் வழியெல்லாம், கஜபதியின் பைக்கில் பின்னால் உட்கார்ந்தபடி, எந்தக் கேமரா எத்தனை கிராம் என்று யோசித்துக்கொண்டே வந்தார்.

இருதயராஜுக்குச் சொந்த ஊர் நிலக்கோட்டைப் பக்கம். ஆவடியில் டாங்கி செய்யும் தொழிற்சாலையில் அளவு பார்க்கும் பிரிவில் வேலை. வந்து இருபத்தாறு வருடம் ஆகிவிட்டது. மனைவி வசந்தாவும் அவரும் குவாட்டர்ஸில் இருந்தார்கள். ஒரே மகள் நிஷா கல்யாணமாகித் திருச்சியில் இருந்தாள். கஜபதி பக்கத்துப் பருத்திப்பட்டுக்காரன். அப்பா காலத்தில் நெல் போட்ட நிலம் மனைகளாகிப் போன பிறகு, குவாட்டர்ஸுக்குத் தண்ணீர் கேன் போட ஆரம்பித்தவன். பதினோரு வருடத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, கேனை இறக்கி வைத்துவிட்டு, "மலைக்குப் போறேன் அண்ணாத்தே, சொம்மா வர்றியா?" என்று கேட்டான். அவர் செருப்போடு கிளம்பிப் போனார். அன்றிலிருந்து மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமைகள் மலைக்கு என்றாகிவிட்டது.

தொழிலை விட்டுவிட்ட ஒரு கல்யாணப் போட்டோக்காரரிடம் அந்தக் கனமான கேமராவை வாங்கினார். மலையின் அழகையோ சூரியன் மறைவதையோ அவர் எடுத்ததில்லை. எடுத்ததெல்லாம் ஓணான், அரணை, தேரை, பாறையில் வலை பின்னும் சிலந்தி. "ஊரு உலகத்துக்கெல்லாம் மலை தெரியுது, உங்க கண்ணுக்கு மட்டும் பல்லி தெரியுது" என்பாள் வசந்தா. ஆனாலும் பூரான் படம் ஒன்றைச் சட்டம் போட்டு அடுப்படி வாசலில் மாட்டியிருந்ததும் அவள்தான்.

கேமராவை மாற்றுவது என்று முடிவு செய்ததும் அவருக்கு ஒரு நிம்மதி வந்தது. சட்டைப் பொத்தான் போட நேரம் பிடிப்பதையும், வேலையிடத்தில் அளவுகோல் இரண்டு முறை கையிலிருந்து நழுவியதையும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. நூற்றில் ஒரு மில்லிமீட்டர் பிசகைக் கண்டுபிடித்துச் சொல்கிற மனிதர் அவர். தன் கையில் நடப்பது மட்டும் அவர் கண்ணில் படவில்லை. பட்டது என்றுதான் சொல்ல வேண்டும். அதற்கு அவர் வைத்த பெயர் கேமராவின் கனம்.

முகப்பேர் மேற்கில் கேமரா வாடகைக்கு விடும் கடை ஒன்று இருந்தது. அதை நடத்தியவள் தீபிகா. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். இருதயராஜ் தன் பழைய கேமராவை மேஜைமேல் வைத்து, ஒரு தாளில் எழுதி வந்த எடைப் பட்டியலைப் பக்கத்தில் வைத்தார்.

"எல்லாரும் இந்தத் தப்பைத்தான் சார் பண்றாங்க" என்றாள் தீபிகா, பட்டியலைப் பார்த்துவிட்டு. "பாடி எடையை மட்டும் எழுதியிருக்கீங்க. பாடி லேசா இருந்து என்ன பிரயோஜனம்? உங்க முதுகை ஒடிக்கிறது லென்ஸ். உள்ள இருக்கிற சென்சார் சின்னதா இருந்தாதான் லென்ஸும் சின்னதாகும். நீங்க எடுக்கிறது என்ன?"

"ஓணான்."

அவள் சிரிக்கவில்லை. "அப்ப தூரமும் வேணும், கிட்டவும் வேணும்" என்று சொல்லி உள்ளே போய் மூன்று கேமராக்கள் கொண்டுவந்தாள். ஒன்றில் கண் வைத்துப் பார்க்கும் துவாரம் இல்லை, திரை மட்டும்தான். வெயிலில் திரை தெரியாது என்று அவரே அதை ஒதுக்கினார். இன்னொன்று லேசுதான், ஆனால் பிடிப்பதற்கு விளிம்பு இல்லாமல் சோப்புக் கட்டி மாதிரி வழுக்கியது. மூன்றாவது, லென்ஸோடு சேர்த்தே எண்ணூறு கிராம். கைக்கு அடக்கமாக இருந்தது. அதை எடுத்து வாசலில் நின்ற பைக்கின் கண்ணாடியைக் குறிபார்த்தார். இடது கையில் தாங்கி, வலது கையை வெறுமனே மேலே வைத்திருந்தார்.

"கையில அடிபட்டிருக்கா சார்?"

"லேசா சுளுக்கு."

"வாங்காதீங்க இப்ப. ரெண்டு நாளைக்கு வாடகைக்கு எடுத்துட்டுப் போங்க. மலையில தூக்கிப் பாத்துட்டு வந்து சொல்லுங்க."

அந்தச் சனிக்கிழமை மறுபடியும் நாகலாபுரம் போனார்கள். கழுத்தில் கேமரா தொங்குவதே தெரியவில்லை. இருதயராஜ் நன்றாகப் பேசிக்கொண்டு ஏறினார். இனி ஜவ்வாது மலைக்கும் போகலாம், பர்வத மலைக்கும் போகலாம் என்றார். "எண்ணூறு கிராம் கஜா. உன் சோத்து டப்பா இதைவிட கனம்."

சரிவுக்கு வந்தபோது வெயில் ஏறியிருந்தது. பாறையின் உச்சியில் ஆண் ஓணான் ஒன்று உட்கார்ந்திருந்தது. இனம் சேரும் காலம் என்பதால் முதுகு நெடுகச் செம்மஞ்சள், பக்கங்களில் கறுப்பு. அப்படி ஒன்றை இத்தனை கிட்டத்தில் அவர் பார்த்ததில்லை. முட்டி போட்டு உட்கார்ந்தார். கேமராவைத் தூக்கினார். தாழவில்லை. ஓணானின் கண்மேல் குவியம் காட்டும் சிறு கட்டம் வந்து நின்றது. எல்லாம் கூர்மையாக இருந்தது.

ஆள்காட்டி விரல் பொத்தானின்மேல் இருந்தது. அமுக்கினார். எதுவும் நடக்கவில்லை. கேமரா அணைந்துவிட்டதோ என்று பார்த்தார். அணையவில்லை. மறுபடி அமுக்கினார். அமுக்குவதாக நினைத்தார். விரல் அப்படியே கிடந்தது, யாரோ அங்கே வைத்துவிட்டுப் போனது போல.

"அமுக்கு அண்ணாத்தே" என்று கிசுகிசுத்தான் கஜபதி.

அவர் தன் விரலையே பார்த்தார்.

"போயிடப் போது. அமுக்கு."

"நீ அமுக்கு கஜா."

கஜபதி அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு மெல்லக் குனிந்து, அவர் விரல்மேல் தன் விரலை வைத்து அழுத்தினான். 'க்ளிக்' என்றது. படம் அருமையாக வந்திருந்தது. இருவரும் இறங்கினார்கள். பாதி வழியில் கஜபதி, "நாளைக்கே டாக்டராண்ட போறோம். நான் வர்றேன்" என்றான்.

ஒரு டாக்டர் கழுத்து எலும்பு தேய்ந்திருக்கிறது என்றார். இன்னொருவர் சத்துக் குறைவு என்று மாத்திரை எழுதினார். மூன்று மாதம் கழித்து, நகரத்துக்குள் ஒரு நரம்பு மருத்துவர், அவர் வலது கையை வெளிச்சத்தில் விரித்து வைத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே குழிந்துபோன சதையைத் தொட்டுப் பார்த்தார். முழங்கைக்கு மேலே தோலுக்கடியில் ஏதோ புழு நெளிவது போலத் துடித்துக்கொண்டிருந்ததையும் பார்த்தார். ஊசி குத்தி நரம்பில் மின்சாரம் விட்டுப் பார்த்தார்கள். அன்று மாலையே கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்கள். தசைகளை ஆட்டிவைக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போகிற நோய். கை, கால், பிறகு நாக்கு, தொண்டை, கடைசியில் மூச்சு. புத்தி மட்டும் பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும்.

"எவ்வளவு நாள் சார்?" என்று வசந்தா கேட்டாள்.

"ஆளுக்கு ஆள் மாறும்மா. மூணு வருஷம். சில பேருக்கு அஞ்சு, அதுக்கு மேலயும்."

"குணமாக்க?"

மருத்துவர் இல்லை என்று தலையை அசைத்தார். இருதயராஜ் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான். "மலை ஏறலாமா டாக்டர்?"

"முடியற வரைக்கும் ஏறுங்க" என்றார் அவர். அந்தப் பதிலில் இருந்த தாராளம்தான் இருதயராஜை உடைத்துப் போட்டது. தடுப்பதற்குக்கூட மருத்துவரிடம் ஒன்றும் இருக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து, மறுபடி கேமராக் கடைக்குப் போக வேண்டும் என்றார். வசந்தா கையிலிருந்த தட்டை ஓசையோடு வைத்தாள்.

"இப்ப எதுக்குங்க கேமரா?"

"இப்ப வாங்காம எப்ப வாங்கறது?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். ஆட்டோவில் அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தபடியே வந்தாள்.

தீபிகாவிடம் அவர் மறைக்கவில்லை. "விரல் அமுக்க மாட்டேங்குதும்மா. அதுக்குத் தக்க மாதிரி குடு" என்றார். அவள் அவர் வலது கையைப் பார்த்தாள். பிறகு சட்டைப் பையில் போடுகிற அளவில் ஒரு கேமராவை எடுத்து வந்தாள். முந்நூறு கிராம். திரையைத் தொட்டாலே படம் விழும். இடது கைக் கட்டைவிரல் போதும். வார்பட்டையைக் கழுத்தில் மாட்டி, நீளத்தைக் குறைத்து நெஞ்சோடு நிற்கும்படி கட்டிவிட்டாள். லென்ஸ் கொஞ்சம் சின்னதுதான், தூரத்து ஓணான் கிடைக்காது, கிட்டப் போய்த்தான் எடுக்க வேண்டும் என்றாள்.

"இதைவிட லேசா எதாவது இருக்கா?"

"இதுக்கு மேல லேசானா அது போன்தான் சார்."

அதை வாங்கிக்கொண்டார்.

நாகலாபுரம் வேண்டாம் என்று கஜபதியே சொன்னான். திருத்தணிக்கு அந்தப் பக்கம் படி மாதிரியே பாறை அமைந்த சின்னக் குன்று ஒன்று இருந்தது. ஆடு மேய்க்கிறவர்கள் அரை மணியில் ஏறி இறங்குவார்கள். இருதயராஜுக்கு ஒரு மணி நேரத்தில் பாதி ஏற முடிந்தது. அதற்குள் வலது கால் பாதம் தொங்கிக் கல்லில் உரச ஆரம்பித்திருந்தது. கஜபதி பக்கத்திலேயே, தொட்டும் தொடாமலும் நடந்தான்.

ஒரு கல்லில் கால் நுனி தட்டியது. விழுகிறவன் கையை ஊன்றுவான். அவர் கைகள் வரவில்லை. கேமராவின் மேலேயே முகங்குப்புற விழுந்தார். தாடை கிழிந்து ரத்தம் சட்டையில் ஓடியது. கேமராவின் திரை மூன்றாக விரிசல் விட்டிருந்தது. கஜபதி தலைத்துண்டை அவிழ்த்துத் தாடையில் கட்டினான். பிறகு குனிந்து முதுகைக் காட்டினான்.

"வேணாம் கஜா. உக்காந்து உக்காந்து எறங்கறேன்."

"ஏறு அண்ணாத்தே. பேஜார் பண்ணாதே."

அவரைச் சுமந்து இறங்கியபோது, கஜபதி சும்மா இருக்க முடியாமல், "ரெண்டு கேன் வெயிட்டுகூட இல்ல நீ" என்றான். சிரிப்பு வரும் என்று நினைத்திருப்பான். சொன்ன பிறகு அவன் மூச்சு மாறியது முதுகில் இருந்தவருக்குத் தெரிந்தது. அவர் போன வருடத்தைவிடப் பதினாறு கிலோ இளைத்திருந்தார்.

அதோடு மலை முடிந்தது. மூன்று மாதத்தில் சக்கர நாற்காலி வந்தது. வேலையிலிருந்து மருத்துவக் காரணத்தால் விடுவிக்கும் காகிதத்தில் கையெழுத்துப் போட முடியாமல் கட்டைவிரலை வசந்தா பிடித்து வைத்தாள். குவாட்டர்ஸைக் காலி செய்து வானகரத்தில் தரைத்தளமாகப் பார்த்துக் குடிபோனார்கள். பூரான் படத்தை அவர் மாட்ட விடவில்லை. உடைந்த கேமராவைப் பழுது பார்க்கவும் விடவில்லை. நிஷா வந்து ஒரு வாரம் இருந்து, எடுத்த படங்களையெல்லாம் டிவியில் போட்டுக் காட்டட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அவள் ஊருக்குப் போனதும் அவருக்கு ஆறுதலாக இருந்தது. அப்படி இருந்ததற்காக வெட்கமாகவும் இருந்தது.

கஜபதி சனிக்கிழமை தவறாமல் வானகரத்துக்கு வந்தான். வந்து நாற்காலிக்கு எதிரே உட்காருவான். முதலில் ஊர்க்கதை பேசுவான், பிறகு பேச ஒன்றும் இருக்காது. இருதயராஜின் நாக்கு தடித்துப் போயிருந்தது. அவர் சொல்வது கஜபதிக்குப் புரியாமல், "இன்னா சொல்றாரு அண்ணி?" என்று அடுப்படியைப் பார்த்துக் கேட்பான். வசந்தா வந்து சொல்லிவிட்டுப் போவாள். ஒரு வாக்கியத்துக்கு மூன்று பேர் தேவைப்பட்டார்கள்.

"நீ மலைக்குப் போ" என்றார் ஒரு நாள். அது அவனுக்கே புரிந்துவிட்டது.

"நீ இல்லாம எங்க போறது?"

"போ." கோபமாகத்தான் சொன்னார். அவன் எதிரே உட்கார்ந்து தன்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்ப்பதை அவரால் தாங்க முடியவில்லை. அடுத்த வாரமும் அதையே சொன்னார். அதற்கடுத்த வாரமும்.

ஐப்பசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை கஜபதி வரவில்லை. பத்து மணிவரை வசந்தா வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போன் போட்டாள். பேசிவிட்டு வந்து, கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவர் எதிரே உட்கார்ந்தாள்.

"ஜவ்வாது மலைக்குப் போயிருக்காராம். அவரோட இன்னும் நாலு பேர். நீங்கதான் போகச் சொன்னீங்களாமே. உங்ககிட்ட சொல்லச் சொன்னாரு."

இருதயராஜ் தலையசைத்தார். அவர் கேட்டதுதான் நடந்தது. நியாயம்தான். அந்த நேரத்துக்கு அவர்கள் எந்த வளைவில் இருப்பார்கள், யார் முன்னால், யார் பின்னால் என்றெல்லாம் மனதில் தெளிவாக ஓடியது. நாலு பேருக்கும் கஜபதி மூச்சு வாங்காமல் கதை சொல்லிக்கொண்டு போவான். அவர்களில் யாரிடமாவது கேமரா இருக்கும்.

கஞ்சி தொண்டையில் சிக்கியது. இருமினார். இரண்டு கண்ணிலிருந்தும் தண்ணீர் வழிந்து தாடைக்கு வந்தது. துடைத்துக்கொள்ளக் கை இல்லை.

"மெதுவாங்க, மெதுவா. புரையேறிடுச்சு பாருங்க" என்று வசந்தா துண்டால் அவர் வாயைத் துடைத்தாள், பிறகு கண்ணைத் துடைத்தாள்.

புரையேறியதால் இல்லை என்று சொல்ல நினைத்தார். அதைச் சொல்ல நிறைய வார்த்தைகள் வேண்டும். ஒவ்வொன்றையும் இரண்டு முறை சொல்ல வேண்டும். அவள் அடுத்த கரண்டியை எடுத்து ஊதி ஆற்றினாள். அவர் வாயைத் திறந்தார்.